'ஏற்கிறேன்' பொத்தானுக்குப் பின்னால்: செய்தித் தளங்களின் விதிமுறைகள் நம்மை எதில் கட்டுகின்றன?

2025 நவம்பரில் ஒன்றிய அரசு, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை அரசிதழில் வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகள் இவை. நிறுவனங்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நம் மஹல்லாக்களில் அதிகம் பேசப்படாத செய்தி இது. ஆனால் கைப்பேசியில் செய்தி படிக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் இது தொடுகிறது.

எப்படி என்று கேட்கலாம். ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறோம். திரையின் கீழே ஒரு பெட்டி எழுகிறது. 'எங்கள் விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் ஏற்கிறேன்' என்று சொல்கிறது. செய்தியை மறைக்கிறதே என்ற எரிச்சலில் விரல் அதன்மீது பட்டுவிடுகிறது. பெட்டி மறைகிறது. நாம் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டோம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை.

பிரிட்டனில் கேம்ஸ்டேஷன் என்ற விளையாட்டு மென்பொருள் கடை, 2010 ஏப்ரல் 1 அன்று தன் இணைய விதிமுறைகளில் ஒரு வரியைச் சேர்த்தது. பொருள் வாங்குகிறவர் தன் ஆன்மாவை நிறுவனத்துக்கு எழுதித் தருகிறார் என்பதே அந்த வரி. மறுப்பவர்கள் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும், 5 பவுண்டு பரிசுச் சீட்டும் உண்டு. அப்படியிருந்தும் சுமார் 7,500 பேர் மறுக்காமல் கடந்து போனார்கள். முட்டாள்கள் தினக் கேலிதான். ஆனால் அது காட்டிய உண்மை கேலியல்ல. விதிமுறைகளை யாரும் படிப்பதில்லை, படிப்பார்கள் என்று எழுதியவர்களும் எதிர்பார்ப்பதில்லை.

படிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2008-இல் இதைக் கணக்கிட்டார்கள். ஒருவர் ஓராண்டில் பார்க்கும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை மட்டும் முழுமையாகப் படிக்க 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கண்டார்கள். கைப்பேசிச் செயலிகள் பெருகுவதற்கு முந்தைய கணக்கு அது.

இந்த விஷயத்தில் நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் உள்ளன. 'அது சும்மா ஒரு பெட்டி, அதனால் ஒன்றும் ஆகாது' என்பது ஒன்று. 'ஏற்கிறேன் என்று தொட்டுவிட்டோம், இனி அவர்கள் வைத்ததுதான் சட்டம்' என்பது மற்றொன்று. முதலாவது நம்மை அலட்சியத்தில் தள்ளுகிறது. இரண்டாவது நம் உரிமையைக் கேட்காமல் வாய் மூட வைக்கிறது.

இது ஒப்பந்தமா?

ஆம், ஒப்பந்தம்தான். நிகாஹ் மஜ்லிஸில் ஈஜாப், கபூல் என்ற இரண்டு சொற்களை நம் வீட்டுக் குழந்தைகளும் கேட்டிருப்பார்கள். ஒருவர் முன்வைக்கிறார், மற்றவர் ஏற்கிறார். உலகத்தின் எல்லா ஒப்பந்தச் சட்டங்களும் இந்த இரண்டின் மீதே நிற்கின்றன. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் அப்படியே. மின்னணு வடிவில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 10ஏ கூறுகிறது. ஆகவே திரையில் பட்ட விரலும் ஒரு கபூல்தான்.

ஆனால் நிகாஹ் மஜ்லிஸில் வேறு சிலவும் உண்டு. மஹர் எவ்வளவு என்று சபையில் சொல்லப்படுகிறது. பெண்ணின் சம்மதம் கேட்கப்படுகிறது. இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஜமாஅத் தஃப்தரில் பதிவாகிறது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாத சம்மதம் சம்மதமே அல்ல என்பதுதான் இந்த ஏற்பாடுகளின் உட்பொருள். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 13-ம் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. இரு தரப்பினரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஏற்றிருக்க வேண்டும். இணைய விதிமுறைகளில் பலவீனமான இடம் இதுதான். ஒரு தரப்பு வழக்கறிஞர்களை வைத்து எழுதியிருக்கிறது, மறு தரப்பு படிக்கவே இல்லை.

ஒரு தொழுகைச் செயலி தந்த பாடம்

இதில் நமக்கு என்ன நஷ்டம், நாம் என்ன ரகசியமா வைத்திருக்கிறோம் என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் 2020 நவம்பரில் வெளிவந்த ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்.

தொழுகை நேரம், கிப்லா திசை, குர்ஆன் ஆகியவற்றுக்காக உலக முஸ்லிம்கள் பயன்படுத்தும் முஸ்லிம் ப்ரோ என்ற செயலி அப்போதே 9 கோடிக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. அதன் பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரவு வணிக நிறுவனத்துக்குச் சென்றது என்றும், அந்த நிறுவனம் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களுக்குத் தரவு விற்றது என்றும் அமெரிக்காவின் வைஸ் ஊடகத்தைச் சேர்ந்த மதர்போர்டு தளம் வெளிப்படுத்தியது. இராணுவத்துக்கு நேரடியாகத் தரவு விற்றதில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது. எக்ஸ்-மோட் நிறுவனத்துடனான உறவை முறித்துக்கொண்டதாகவும் அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வருவதைக் காட்டும் தரவை விற்க எக்ஸ்-மோட் நிறுவனத்துக்கும் அதன் வாரிசு நிறுவனத்துக்கும் தடை விதித்தது.

தொழுகை நேரம் காட்ட இருப்பிடம் தேவை, அதனால் கொடுத்தோம். அதில் தவறில்லை. கொடுத்த நோக்கத்தைத் தாண்டி அது எங்கெங்கோ பயணம் செய்ததுதான் தவறு. செய்தித் தளங்களுக்கும் இது பொருந்தும். நாம் எந்தச் செய்தியை எவ்வளவு நேரம் படிக்கிறோம், எந்த ஊரிலிருந்து படிக்கிறோம் என்பதெல்லாம் விளம்பர நிறுவனங்களுக்கு விலைமதிப்புள்ள தகவல். ஒரு குடும்பத்தின் அரசியல் சாய்வையும் மார்க்க ஈடுபாட்டையும் நோய்க் கவலையையும் அதன் வாசிப்பைக் கொண்டே கணித்துவிடலாம். இலவசச் செய்திக்கு நாம் தரும் விலை இதுதான்.

விதிமுறைப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது?

பெரும்பாலான செய்தித் தளங்களின் விதிமுறைகள் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் ஐந்து இடங்களை ஒரு குடும்பம் அறிந்திருந்தால் போதும்.

*முதலாவது, பொறுப்புத் துறப்பு.* 'தகவல்கள் உள்ளது உள்ளபடியே தரப்படுகின்றன, அவற்றை நம்பி ஏற்படும் இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதியிருப்பார்கள். மருத்துவக் குறிப்பைப் படித்து மருந்தை நிறுத்துகிறவரும், முதலீட்டுச் செய்தியை நம்பிப் பணம் போடுகிறவரும் இந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதே நேரம் இது தளத்துக்கும் வாசகருக்கும் இடையிலான ஏற்பாடு மட்டுமே. தளம் ஒருவரைப் பற்றி அவதூறு எழுதினால், அந்த மூன்றாம் மனிதரை இந்த வரி கட்டுப்படுத்தாது. 'கட்டுரையாளரின் கருத்து, தளத்தின் கருத்தல்ல' என்று போட்டுவிட்டால் எதையும் வெளியிடலாம் என்று நினைப்பது தவறு.

*இரண்டாவது, பகிர்கிறவரின் பொறுப்பு.* எங்கள் செய்தியை நீங்கள் பயன்படுத்தும் விதத்தால் எங்களுக்கு வழக்கு வந்தால் அந்தச் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பிரிவு பல தளங்களில் உண்டு. இதைவிட முக்கியம், பகிர்வதற்கு நாட்டின் சட்டமே நம்மைப் பொறுப்பாக்குகிறது என்பது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு முகநூல் பதிவைப் பகிர்ந்த வழக்கில், 'யாரோ எழுதியதை நான் ஃபார்வர்டு மட்டும்தான் செய்தேன்' என்ற நடிகர் எஸ்.வி.சேகரின் வாதத்தை 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பகிர்கிறவர் அதன் உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார் என்றது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மத விரோதத்தைத் தூண்டுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 196-ம், பொய்ச் செய்தி, வதந்தி மூலம் பகையை மூட்டுவதற்குப் பிரிவு 353-ம் மூன்றாண்டு வரை சிறை என்கின்றன. உண்மை என்று நம்பத் தகுந்த காரணத்துடன் நல்லெண்ணத்தில் பகிர்ந்தவருக்குப் பிரிவு 353-இல் விலக்கு உண்டு. ஆனால் அந்த நம்பிக்கைக்குக் காரணம் காட்ட வேண்டிய நிலை நமக்கு வரும். ஒரு பதற்றமான செய்தி கையில் கிடைத்ததும் நான்கு குழுக்களுக்கு அனுப்பும் நம் இளைஞர்களிடம் இதைப் பெற்றோர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கக் கட்டளை அவர்களுக்குத் தெரியும். வழக்கு வந்தால் படிப்பும் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டு வேலையும் என்னவாகும் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

*மூன்றாவது, காப்புரிமை.* நடந்த நிகழ்வு யாருக்கும் சொந்தமல்ல. அதை எழுதிய விதம் எழுதியவருக்குச் சொந்தம். ஒரு கட்டுரையின் லிங்க்கை அனுப்புவதும், முழுக் கட்டுரையையும் நகலெடுத்து, எழுதியவர் பெயரை நீக்கி, நம் பெயரில் போடுவதும் ஒன்றல்ல. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் நமக்குப் பயன்படும் ஒரு விலக்கு உண்டு. நடப்பு அரசியல், பொருளாதார, சமூக, மதப் பொருள்களைப் பற்றிய கட்டுரையை வேறொரு பத்திரிகை மறுபதிப்புச் செய்யலாம் என்று பிரிவு 52 அனுமதிக்கிறது. ஆனால் எழுதியவர் அந்த உரிமையை வெளிப்படையாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத வரைதான். 'அனுமதியின்றி மறுபதிப்புச் செய்யக்கூடாது' என்ற வரி விதிமுறைகளில் இருப்பது இதற்காகவே. ஜமாஅத் மாத இதழ் நடத்துகிறவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி பெறுவதே கண்ணியமானது. எதிர்ப்பக்கமும் உண்டு. நாம் ஒரு தளத்துக்கு அனுப்பும் படத்தையும் காணொளியையும் காலவரையின்றி, எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தும் உரிமையை விதிமுறைகள் எடுத்துக்கொள்கின்றன. ஊர் நிகழ்ச்சிப் படம் என்று அனுப்பும்போது அதில் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

*நான்காவது, எந்த ஊர் நீதிமன்றம்?* 'எல்லாத் தகராறுகளும் இன்ன நகர நீதிமன்றத்தின் எல்லைக்கு உட்பட்டவை' என்ற வரியைப் பார்த்து, கீழக்கரையில் இருப்பவர் டெல்லிக்கா போவது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சேலத்தைச் சேர்ந்த ஒரு வணிக நிறுவனத்துக்கு இதே நிலை வந்தது. குஜராத்தின் கைரா நீதிமன்ற எல்லை என்று ஒப்பந்தத்தில் இருந்தும், சேலம் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மட்டுமே' என்ற சொல் அங்கு இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2013-இல் அதே நீதிமன்றம், அப்படி ஒரு சொல் இல்லாவிட்டாலும் ஒரே நீதிமன்றத்தைக் குறிப்பதாகப் பொருள் கொள்ள முடியும் என்று கூறியது. எனவே சொற்களை நம்பி மட்டும் இருக்க முடியாது. ஆனால் காசு கொடுத்துச் சந்தா கட்டுகிறவர் நுகர்வோர் ஆகிவிடுகிறார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யும் உரிமையை அவருக்குத் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இந்தப் பாதுகாப்பின் அருமை, அது இல்லாத இடத்தைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் டிஸ்னி வளாகத்தில் உள்ள ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பெண் மருத்துவர் ஒவ்வாமையால் இறந்தார். கணவர் வழக்குத் தொடுத்தார். அவர் 2019-இல் டிஸ்னியின் திரைப்படச் செயலியில் சோதனைச் சந்தாவுக்குப் பதிவு செய்தபோது நடுவர் மன்ற நிபந்தனையை ஏற்றுவிட்டார், ஆகவே நீதிமன்றம் வரக்கூடாது என்று 2024-இல் நிறுவனம் வாதிட்டது. படம் பார்க்கத் தொட்ட பொத்தான், மனைவியின் மரணத்துக்கு நீதி கேட்பதையே தடுக்கும் என்ற வாதம் இது. பொதுமக்களின் கண்டனம் எழுந்த பிறகே அந்த வாதத்தைக் கைவிட்டார்கள்.

*ஐந்தாவது, மாற்றும் உரிமையும் சந்தாவும்.* 'விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றதாகப் பொருள்' என்ற வரி எல்லாத் தளங்களிலும் இருக்கும். நம்மில் பலருக்குச் செய்தி வந்து சேரும் வழியான வாட்ஸ்அப் 2021-இல் இப்படித்தான் தன் கொள்கையை மாற்றியது. ஏற்றால் இரு, இல்லாவிட்டால் போ என்ற அந்த முறைக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அபராதத்தை நிலைநிறுத்தியது. பெரிய நிறுவனம் என்பதால் எதையும் திணித்துவிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

சந்தா விஷயத்தில், முதல் மாதம் 1 ரூபாய் என்று சேர்த்துக்கொண்டு, பிறகு முழுத் தொகையும் தானாகவே கணக்கிலிருந்து எடுக்கப்படும் முறையைக் கவனிக்க வேண்டும். அப்படிப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பதால்தான் பல வீடுகளில் மாதாமாதம் பணம் போகிறது. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கும் 'சந்தாப் பொறி'யை 2023 நவம்பரில் வெளியான அரசு வழிகாட்டுதல்கள், தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

புதிய சட்டம் தருவது என்ன, தராதது என்ன?

2017 ஆகஸ்ட் 24 அன்று நீதிபதி புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகக் கூறினார்கள். அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சிதான் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் நமக்குச் சாதகமான அம்சங்கள் உண்டு.

சம்மதம் சுதந்திரமானதாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், விவரம் அறிந்ததாகவும், தெளிவானதாகவும் இருக்க வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்குத் தரவு கேட்பதோடு நம் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, நாம் ஏற்றிருந்தாலும், சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு மட்டுமே அந்தச் சம்மதம் செல்லும். அதேபோல, தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் புகார் செய்யும் உரிமையை விட்டுத்தருகிறேன் என்று எழுதி வாங்கினால் அந்தப் பகுதி செல்லாது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ பார்க்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழ் அந்த 22-இல் ஒன்று. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். மீறல்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தரவு கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43ஏ-இல் இருந்த இழப்பீட்டு வழியையும் நீக்க இச்சட்டம் வகை செய்திருக்கிறது. வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. அரசு அமைப்புகளுக்குப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி முழு விலக்களிக்கும் அதிகாரமும் அதே அரசிடம். தனியார் நிறுவனத்தின் கண்ணிலிருந்து காக்கும் சட்டம், அரசின் கண்ணுக்கு முன் நம்மைத் திறந்தே வைத்திருக்கிறது. கண்காணிப்பின் சுமையை அதிகம் உணரும் சமூகம் என்ற முறையில் இதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

பிள்ளைகளின் கையில் உள்ள பொத்தான்

வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தால் அது பெரும்பாலும் பிள்ளையின் கையில்தான் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மொகரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இன்றுவரை அதுவே சட்டம். புதிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடை செய்கிறது. ஆனால் தந்தையின் எண்ணில், தாயின் பெயரில் திறந்த கணக்கில் பிள்ளை உலவினால், சட்டத்தின் பார்வையில் உலவுவது பெற்றோர்தான். பாதுகாப்பை நாமே கழற்றி வைத்துவிட்டு, பிறகு விளம்பரங்களைக் குறைசொல்வதில் பயனில்லை.

ஃபிக்ஹின் வெளிச்சத்தில்

காணாத பொருளை விற்பது பற்றி ஃபிக்ஹ் நூல்களில் ஒரு விவாதம் உண்டு. ஹனஃபி மத்ஹபில், பார்க்காமல் வாங்கியவருக்குப் பார்த்த பிறகு விலகும் உரிமை இருக்கிறது. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி அந்த வியாபாரமே கூடாது. வழிகள் வேறு, நோக்கம் ஒன்று. தெரியாத ஒன்றில் எவரும் சிக்கவைக்கப்படக் கூடாது. சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை இன்றைய சட்டம் தருவதைப் பார்க்கும்போது இந்தப் பழைய விவாதம் புதிதாகப் புரிகிறது.

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடன் ஒப்பந்தத்தை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகராவின் 282-ஆவது வசனம் அது. அங்கே வாசகத்தைச் சொல்லும் பொறுப்பு கடன் கொடுக்கும் வலியவரிடம் இல்லை, கடன்படுகிறவரிடம் இருக்கிறது. அவர் விவரமற்றவராகவோ இயலாதவராகவோ இருந்தால் அவருடைய காப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும். எந்தத் தரப்பு கட்டுப்படப் போகிறதோ, அந்தத் தரப்பின் வாயிலிருந்து வாசகம் வர வேண்டும் என்பது எவ்வளவு ஆழமான ஏற்பாடு! இன்றைய இணைய ஒப்பந்தம் இதற்கு நேர்மாறாக, வலியவர் எழுத எளியவர் தொட்டுவிட்டுப் போவதாக இருக்கிறது.

இதை நிறுவனங்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது. நம் சமுதாயத் தளங்களும் வாசகரின் பெயர், எண், மின்னஞ்சல் கேட்கின்றன. சில நன்கொடையும் பெறுகின்றன. எங்கிருந்தோ நகலெடுத்த ஆங்கில விதிமுறையை ஒரு மூலையில் ஒட்டிவைத்துவிட்டால் அமானிதம் நிறைவேறிவிடாது. என்ன தகவல் வாங்குகிறோம், எதற்கு வாங்குகிறோம், யாருக்கும் கொடுக்கிறோமா, தவறான செய்தி வந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் பதில் வரும் என்ற ஐந்து கேள்விகளுக்கு எளிய தமிழில் ஒரு பக்கம் எழுத அரை நாள் போதும். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் செய்தித் தளங்களுக்குக் குறைதீர் அலுவலரையும் 15 நாள் கெடுவையும் வகுத்தன. அந்த விதிகளின் மூன்றடுக்குக் கண்காணிப்பு முறை பத்திரிகைச் சுதந்திரத்தைப் பாதிக்கும் என்ற வழக்கில், அதற்கான உட்பிரிவுகளை 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. சட்டம் கட்டாயப்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், புகாரைக் கேட்டுத் தவறைத் திருத்துவது ஒரு முஸ்லிம் ஊடகத்துக்கு அழகு.

வீட்டில் இன்றே செய்யக் கூடியவை

முழு விதிமுறையையும் படியுங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. இவற்றை மட்டும் செய்யலாம்.

'ஏற்கிறேன்' பக்கத்திலேயே 'மறுக்கிறேன்' அல்லது 'அமைப்புகள்' என்ற பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தொடுங்கள். செய்தி அப்போதும் திறக்கும்.

கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, எந்தச் செயலிக்கு இருப்பிடம், தொடர்பு எண்கள், மைக் அனுமதி இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். செய்திச் செயலிக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை. தொழுகை நேரச் செயலிக்கு ஊரின் பெயரை நாமே கொடுத்தால் போதும்.

பணம் கேட்கும் தளத்தில் மட்டும் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: தானாகப் புதுப்பிக்கப்படுமா, எப்படி ரத்துச் செய்வது, பணம் திரும்பக் கிடைக்குமா.

சினமூட்டும் செய்தியை அனுப்பும் முன் அது எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். தேதியும் தளமும் இல்லாத படத்தை அனுப்பாதீர்கள்.

வயதான உம்மா வாப்பாவின் கைப்பேசியை வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும். காப்பாளர் நீதியுடன் நடந்துகொள்ள வேண்டும் என்பது இன்றைய வீட்டில் அந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் பெயரில் எதையும் ஏற்கக் கூடாது, எதை ஏன் அணைத்தோம் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

அவகாசம் முடிந்ததும் தளங்கள் ஒவ்வொன்றாகப் புதிய சம்மத அறிவிப்புகளை நம்முன் வைக்கும். அப்போது 'தமிழில் காட்டுங்கள்' என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கும். கேட்கிறவர்கள் குறைவாக இருந்தால் அந்த உரிமை ஏட்டில் மட்டும் தங்கிவிடும். நம் வீட்டிலிருந்து ஒருவராவது கேட்போம், இன்ஷா அல்லாஹ்.